சரக்கைப் பார்க்காமல் ஏலம் கேட்கலாமா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் 2007ஆம் ஆண்டிலிருந்து கம்ப்யூட்டர் மூலம் நடந்து வருகிறது. பழைய கூச்சல் இல்லை. வியாபாரிகள் மேஜை முன் உட்கார்ந்து பொத்தானைத் தட்டி விலை கேட்கிறார்கள். ஆனால் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. விலை கேட்கும் முன் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி எடுத்து வியாபாரியின் கையில் கொடுக்கிறார்கள். நிறத்தையும் பருமனையும் பார்த்து, முகர்ந்தும் பார்த்த பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகிறது. நமக்கு அருகில் உள்ள ராமநகரம் பட்டுக்கூடு மார்க்கெட்டிலும் மின்னணு ஏலம் வந்துவிட்டது. அங்கேயும் கூட்டைக் கையில் அள்ளிக் குலுக்கிப் பார்க்காத நூற்பாளர் விலை சொல்வதில்லை.

ஏலம் கம்ப்யூட்டருக்குப் போனதால் யாரும் கெட்டுப்போகவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். சரக்கு முதலில், விலை பிறகு, பணம் அதற்கும் பிறகு என்ற வரிசை அங்கே காப்பாற்றப்படுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பணம் முதலில், சரக்கு கடைசியில் என்று நடக்கும் ஒரு கொள்முதலில் நமது வணிகர்கள் சிலர் இறங்கி வருகிறார்கள். பழைய கேமராவை ஆன்லைனில் வாங்குவதைத்தான் குறிப்பிடுகிறோம்.

மளிகைக் கடைக்காரருக்குக் கேமரா எதற்கு என்று கேட்பவர் நமது பகுதியை அறியாதவர். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் பலர் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று படம் எடுக்கப் போகிறார்கள். கடையில் அப்பா, ஸ்டுடியோவில் மகன் என்று இரண்டு வருமானத்தில் நடக்கும் குடும்பங்கள் உண்டு. அது போக, கடையில் கண்காணிப்புக் கேமரா வையுங்கள் என்று காவல் துறையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும் கேமரா பழையதாகப் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் ஆசை வரத்தான் செய்யும். அந்த ஆசையை நாம் குறை சொல்லவில்லை. நாமும் பழைய கல்லாப்பெட்டியும் பழைய பிரிட்ஜும் வாங்கித்தான் கடை தொடங்கினோம்.

ஆன்லைன் ஏலம் என்ற வியாபாரம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய இ-பே நிறுவனத்தில் முதன்முதலாக விற்ற பொருள் ஓர் உடைந்த லேசர் விளக்கு. 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போனது. உடைந்தது என்று சொல்லியே விற்றார்கள், தெரிந்தே ஒருவர் வாங்கினார். நமது நாட்டில் 2000ஆம் ஆண்டில் பாசீ டாட் காம் என்ற ஏல நிறுவனம் வந்தது. 2004இல் இ-பே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு இங்கே அவர்கள் வைத்திருந்த ‘பைசாபே’ என்ற ஏற்பாடு நமது வணிகர்களுக்குச் சொல்லாமலே விளங்கக்கூடியது. வாங்குபவர் கட்டும் பணம் நேரே விற்பவரிடம் போகாமல் நடுவில் நிற்கும். சரக்கு போய்ச் சேர்ந்த விவரம் வந்த பிறகே விற்றவர் கைக்குப் போகும்.

நமக்கு இது புதிய சங்கதியா? மொத்த வியாபாரி சரக்கை லாரியில் ஏற்றிவிட்டு லாரி ரசீதை வங்கிக்கு அனுப்புவார். நாம் வங்கியில் பணம் கட்டி ரசீதை மீட்டு, அதைக் காட்டி லாரி செட்டில் மூட்டைகளை எடுப்போம். முன்பின் முகம் பார்க்காத இருவர் வருடக்கணக்கில் வியாபாரம் செய்ய அந்த ஒரு துண்டு ரசீது போதுமானதாக இருந்தது. நடுவில் வங்கி நின்றதால் இரண்டு பக்கமும் தூக்கம் கெடவில்லை.

இ-பேயின் இந்தியக் கடை 2018 ஆகஸ்ட் 14ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதோடு அந்த நடுவரும் போய்விட்டார். இன்று பழைய கேமரா கைமாறுவது பெரும்பாலும் ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாட்ஸப் குழுக்கள் ஆகியவற்றில்தான். இவை விளம்பரப் பலகைகள். முன்பின் தெரியாதவரின் எண்ணுக்கு நேராகப் பணம் அனுப்பிவிட்டால் அதை நடுவில் பிடித்து வைப்பார் யாரும் இல்லை. சந்தைக் குத்தகைதாரர் சுங்கம் வாங்குவார், ஆனால் நீங்கள் வாங்கிய மாடு நொண்டினால் அவர் வருவாரா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவும் இப்படிப்பட்ட இடைநிலை நிறுவனங்கள் உரிய கவனத்தோடு நடந்துகொண்டால் பிறர் போட்ட விளம்பரத்துக்குப் பொறுப்பில்லை என்றே சொல்கிறது. ஆகவே பெயர் பெற்ற கம்பெனியில் பார்த்துத்தானே வாங்கினேன் என்ற வாதம் எங்கேயும் எடுபடாது.

ஏலம் என்ற பெயர் போனாலும் ஏலச் சூடு போகவில்லை. "அண்ணா, இன்னொருத்தர் 42 ஆயிரம் சொல்லியிருக்கார். ராத்திரி எட்டுக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா அவருக்குக் கொடுத்துடுவேன்" என்று செய்தி வரும். அந்த இன்னொருத்தர் இருக்கிறாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம். பொய்யாக ஆள் வைத்து ஏலத்தை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆவது பிரிவில் சொல்லியிருக்கிறது. ஆனால் முகமே தெரியாத ஆளிடம் அந்தச் சட்டத்தை எங்கே போய் வாசித்துக் காட்டுவது? நமது மண்டிகளில் செய்வது போல, இதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். புளி ஏலத்தில் பக்கத்து ஆள் முறைக்கிறார் என்பதற்காகக் குவிண்டாலுக்கு 200 ரூபாய் ஏற்றிக் கேட்டவர் என்ன ஆனார் என்பது நமக்குத் தெரிந்த கதை.

இனி நேரடி மோசடி. இது நாடெங்கும் ஒரே அச்சில் வார்த்தது போல நடக்கிறது. விளம்பரத்தில் நல்ல கேமரா, சந்தை விலையில் பாதி. போன் செய்தால் எதிர்முனையில் பேசுபவர் தாம் ராணுவத்தில் அல்லது மத்திய பாதுகாப்புப் படையில் இருப்பதாகவும், மாற்றல் வந்துவிட்டதால் அவசரமாக விற்பதாகவும் சொல்வார். சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை, கேன்டீன் அட்டை எல்லாம் வாட்ஸப்பில் வரும். நேரில் வருகிறோம் என்றால், கேம்ப்புக்குள் வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்பார். ராணுவப் பார்சலில் அனுப்புகிறேன், முதலில் 2,000 ரூபாய் மட்டும் கட்டுங்கள் என்பார். கட்டியதும் ரசீதின் படம் வரும். அடுத்த நாள் பார்சல் ஓசூரில் நிற்கிறது, ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று ஒரு தொகை. பிறகு இன்சூரன்ஸ், திரும்பி வரும் தொகை என்று அடுக்கடுக்காக. முதலில் போட்ட பணத்தைக் காப்பாற்றுவதற்காகவே மனிதர் மேலே மேலே போடுவார். கடைசியில் அந்த எண் அணைந்துவிடும். இதில் காட்டப்படும் அடையாள அட்டை பெரும்பாலும் உண்மையான யாரோ ஒரு சிப்பாயினுடையது. திருடப்பட்டது அவருடைய பெயர்.

கடன் கேட்டு வரும் வாடிக்கையாளரை ஏற இறங்கப் பார்த்து, அவர் தகப்பனார் பெயர் வரை விசாரித்துத்தான் 500 ரூபாய்க்குச் சாமான் கட்டிக் கொடுக்கிறோம். அதே நாம், முகம் பார்க்காத ஆளுக்கு 40 ஆயிரம் அனுப்பும்போது அந்தக் கண்ணை எங்கே கழற்றி வைத்துவிடுகிறோம்? சிறு கடைக்கு 40 ஆயிரம் என்பது லாபப் பணமல்ல. அது சுழலும் முதல். எண்ணெய், பருப்பு, சர்க்கரைக்கு அடுத்த வாரம் கட்ட வேண்டிய தொகை. அது போனால் மொத்த வியாபாரியிடம் தவணை சொல்ல வேண்டும், இரண்டு முறை தவணை சொன்னால் சரக்கு வராது, சரக்கு இல்லாத அலமாரியைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஒரு கேமரா ஒரு கடையையே ஆட்டிவிடும்.

விற்கும்போதும் ஜாக்கிரதை தேவை. பழைய கேமராவை விற்க விளம்பரம் போட்டால், உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று ஒருவர் சொல்வார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதே இல்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். தனி நபர்கள் ஒருவருக்கொருவர் யு.பி.ஐ. மூலம் பணம் கேட்டு அனுப்பும் வசதியைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. கியூ.ஆர். தந்திரம் அதனால் ஒழிந்துவிடவில்லை.

இத்தனையும் எழுதிவிட்டு, வாங்கவே வாங்காதீர்கள் என்று முடித்துவிட்டால் அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும். நமது பகுதிக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது. பழைய கேமரா விற்பவர்கள் ஏராளமாக உள்ள ஊர் அது. காலையில் அஞ்செட்டியில் பஸ் ஏறினால் தேன்கனிக்கோட்டை, ஓசூர், அத்திப்பள்ளி வழியாகப் போய், பார்த்து, பேசி, இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். செலவு சில நூறு ரூபாய், ஒரு நாள் கடை. 40 ஆயிரம் ரூபாய்க் கொள்முதலுக்கு இது அதிகமா? ஆகவே நமது கருத்து இதுதான்: ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரத்துக்கு அப்பால் உள்ள பழைய கேமராவை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், விளம்பரத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. விற்பவரைக் கேமரா பழுது பார்க்கும் கடைக்கோ கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ பகல் நேரத்தில் வரச் சொல்ல வேண்டும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போக வேண்டும். அங்கே வர மறுப்பவரிடம் பேரம் பேச எதுவும் இல்லை.

போய் எதைப் பார்ப்பது? வெளித் தோற்றத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கைப்பிடி ரப்பரைப் புதிதாக ஒட்டிவிட்டால் பத்து வருஷத்துக் கேமராவும் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கேட்க வேண்டியது ஷட்டர் கவுண்ட். வண்டிக்குக் கிலோமீட்டர் எப்படியோ, கேமராவுக்கு அது அப்படி. 2012இல் வந்த கேனான் 5டி மார்க் 3 கேமராவின் ஷட்டருக்குக் கம்பெனி சொன்ன கணக்கு ஒன்றரை லட்சம் படம். 2017இல் வந்த நிக்கான் டி850க்கு 2 லட்சம். ஒரு கல்யாணத்தில் மூவாயிரம், நாலாயிரம் படம் எடுப்பவர்கள் இருக்கும்போது இது எத்தனை முகூர்த்தம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நிக்கானில் எடுத்த படத்துக்குள்ளேயே இந்த எண் பதிவாகியிருக்கும். கேனான் மாடல்கள் பலவற்றில் ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் பார்க்க முடியும். வீட்டில் மட்டும் வைத்திருந்தேன் என்று சொல்பவரின் கேமராவில் 1 லட்சத்து 40 ஆயிரம் காட்டினால், எழுந்து வந்துவிட வேண்டும்.

லென்ஸைப் பொறுத்தவரை தூசி பெரிய விஷயமல்ல. பங்கஸ்தான் விஷயம். மழைக்காலத்தில் மூட்டை வற்றல் மிளகாயில் பூஞ்சணம் பிடிப்பதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல் போலத் தெரியும். அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. பிறகு, லென்ஸ் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரின் கறைகள் தெரிந்துவிடும். நம்முடைய மெமரி கார்டையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும் எடுத்துப் போவது நல்லது. பேட்டரி இறங்கிவிட்டது, வீட்டில் போய்ப் பாருங்கள் என்ற வசனத்துக்கு அங்கே இடமிருக்காது.

பில் இல்லாத கேமராவை என்ன சொல்லியும் வாங்காதீர்கள். அடியில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்கி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி குற்றம். பாதி விலைக்கு, பில் இல்லாமல் வாங்கியதே சந்தேகத்துக்குக் காரணம் என்று போலீசார் சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? விற்பவரிடம் பெயர், முகவரி, வரிசை எண், தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்தை அவருடைய பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். மச்சான் கணக்கு, நண்பர் நம்பர் எல்லாம் கூடாது.

வெளிநாட்டு ஏலத்தில் ஜப்பான் லென்ஸ் மலிவு என்று சிலர் அதில் கேட்கிறார்கள். லென்ஸ் விலையோடு கூரியர் கட்டணத்தையும் சேர்த்துத்தான் சுங்கத் தீர்வை போடுவார்கள். வியாபாரத்துக்காகப் பழைய பொருளை இறக்குமதி செய்வதற்கு அரசின் கட்டுப்பாடுகளும் உண்டு. நமக்கு அது வேண்டாத வேலை.

கண்காணிப்புக் கேமரா விஷயத்தில் நமது கருத்து இன்னும் கண்டிப்பானது. பழையது வாங்கவே வேண்டாம். ரெக்கார்டர் பெட்டிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் இரவு பகல் ஓடுவது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். மூன்று வருஷம் ஓடியதை வாங்கினால், திருட்டு நடந்த அன்றைக்குத்தான் அது பதிவாகவில்லை என்பது தெரியவரும். அதைவிட மோசம், பழைய முதலாளியின் செல்போனில் அந்தக் கேமரா இணைந்தபடியே இருப்பது. அவர் தம்முடைய கணக்கிலிருந்து விடுவிக்காவிட்டால் பல மாடல்களை நம் பெயரில் இணைக்கவே முடியாது. அவர் பாஸ்வேர்டோடு அப்படியே மாட்டினால், நாம் கல்லாவை எண்ணுவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். மத்திய அரசு 2025 ஏப்ரல் 9 முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறிய சி.சி.டி.வி. கேமராக்களையே விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறது. அதற்கு முந்தைய மாடல்களை மிச்சம் பிடிக்கும் சில ஆயிரத்துக்காகக் கடையில் மாட்டுவது, பூட்டை விற்றுச் சாவி வாங்கிய கதை.

ஆன்லைன் வியாபாரத்தை எதிர்த்துக் கொடி பிடிக்கும் நாமே ஆன்லைனில் வாங்குவது எப்படிப் பொருந்தும் என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ பில் போட்டுப் பழைய கேமரா விற்கும் கடை இருந்தால், நாலாயிரம் கூடுதலானாலும் அங்கேயே வாங்க வேண்டும் என்பதுதான் நமது பதில். பழைய பொருள் வாங்கி விற்கும் வணிகர் ஜி.எஸ்.டி. விதி 32(5)இன்படி, உள்ளீட்டு வரி எடுக்காத பட்சத்தில், தம் லாபத் தொகைக்கு மட்டும் வரி கட்டினால் போதும். ஆகவே பில் போட்டால் விலை ஏறிவிடும் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் இந்த விதியை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கடை என்று ஒன்று இருந்தால், பழுது என்று போய் நிற்க ஒரு வாசற்படி இருக்கிறது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க முடிவது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். ஏமாற்றியவன் கர்நாடகத்தில் இருக்கிறான், ராஜஸ்தானில் இருக்கிறான், எங்கள் எல்லை இல்லை என்று எந்த நிலையத்திலும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம் என்கிறது. ஆள் மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர், செல்போன் வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. எல்லைப் பகுதியில் இருக்கும் நமக்கு இவை இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சங்கங்களின் முன் ஒரு யோசனையையும் வைக்கிறோம். அன்று வங்கியும் பிறகு பைசாபேயும் செய்த நடுவர் வேலையை, உறுப்பினர்களுக்காக நமது சங்க அலுவலகங்கள் ஏன் செய்யக் கூடாது? வாங்குபவர் பணத்தை அலுவலகத்தில் கட்டட்டும். விற்பவர் பொருளை அங்கே கொண்டுவரட்டும். விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்னதும், இருவரும் கையெழுத்திட்ட தாளோடு பணம் கைமாறட்டும். 100 ரூபாய் கட்டணம் வைத்தால் போதும். பொருள் பின்னால் திருட்டு என்று தெரிந்தால் சங்கம் மாட்டிக்கொள்ளாதா என்று நிர்வாகிகள் தயங்குவார்கள். பொருளுக்குச் சங்கம் நற்சான்று தரப்போவதில்லை. பில்லையும் அடையாள அட்டையையும் பார்த்து நகல் வைத்துக்கொள்வதும் பணத்தை ஒரு மணி நேரம் பிடித்து வைப்பதும்தான் அதன் வேலை. திருட்டுப் பொருள் விற்பவன் நகல் கொடுக்கும் இடத்துக்கு வரமாட்டான்.

கேமராவுக்கு மட்டுமல்ல, பழைய பிரீசர், பில்லிங் மெஷின், எலக்ட்ரானிக் தராசு என்று நமது உறுப்பினர்கள் வாங்கும் எல்லாவற்றுக்கும் இது உதவும். குறிப்பாகத் தராசு. ஆன்லைனில் வாங்கிய பழைய தராசை முத்திரை போடாமல் கடையில் வைத்து நிறுத்தால், 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அபராதம் கட்டுவது விற்றவரல்ல, நாம்தான். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இந்த யோசனையைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுமாறு கிளைச் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நல்ல கேமரா மெக்கானிக் யார், எந்தக் கடையில் பில்லோடு பழைய பொருள் கிடைக்கிறது என்ற விவரம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வரும்போது எழுதிக் கொண்டுவந்தால் அன்றே ஒரு பட்டியல் தயாரித்துவிடலாம்.